அக்கா என் பெயரில் படுத்திருந்த மூன்று நாட்கள்

என்னுடைய அக்கா இத்தாலியில், பலெர்மோ ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று நாட்கள் என் பெயரில் படுத்திருந்தாள். கட்டிலின் காலடியில் தொங்கிய தாளில் என் பெயர், என் பிறந்த திகதி. தாதிமார் என் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் "சி", அதாவது ஓம், என்று தலையாட்டினாள். அப்படிச் செய்யச் சொன்னவள் நான்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் அத்தானைப் பறிகொடுத்தவள். பிள்ளைகள் இல்லை. போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, நான் அவளை இங்கே கூப்பிட்டேன். அழைப்புக் கடிதத்தில் 'மூன்று மாதம் தங்கி ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவார்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். உண்மையில் எனக்குப் பிள்ளையை வைத்திருக்க ஆள் தேவைப்பட்டது. காலையில் பொலிதேயாமாப் பக்கம் இரண்டு கட்டடங்களில் படிக்கட்டும் அலுவலகங்களும் துடைப்பேன். வாரத்தில் மூன்று நாள் அங்கிருந்து ரயில் பிடித்துப் பகேரியாவுக்குப் போய் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவேன். கணவர் ஒரு உணவகக் குசினியில் வேலை. அக்காவைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் ஆசைக்காக மட்டும் நான் அத்தனை அலுவலகங்களில் வரிசையில் நின்றிருக்க மாட்டேன்.

விசாவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கணவர் ஒரு முகவரிடம் மூன்று மாதத்துக்கு எடுத்தார். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வருபவருக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா? அக்காவுக்கு ஆறேழு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு.

"ஓம் எண்டு போட்டால் காசைக் கூட்டுவாங்கள். இல்லாட்டித் தராமலும் விடுவாங்கள்," என்றார் கணவர்.

"அப்ப இல்லை எண்டு போடுங்கோ," என்றேன் நான்.

அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். அந்தப் புள்ளடியோடு அந்தக் காப்புறுதி அக்காவின் நோய்க்கு முதல் நாளிலிருந்தே உதவாததாகிவிட்டது. விசா கொடுப்பவருக்குக் காட்டும் ஒரு தாள், அவ்வளவுதான். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் என்ன நடந்துவிடப் போகிறது?

அக்கா ஊர்க் கிளினிக்கில் இலவசமாகத் தந்த குளிசைகளைச் சிறிய கடதாசி உறைகளில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் எந்த நேரம் எடுப்பது என்று எழுதிக் கொண்டுவந்தாள். வந்த இரண்டாம் கிழமையே கபோச் சந்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே மரக்கறி விற்பவனிடம் விரலைக் காட்டியே விலை பேசப் பழகிவிட்டாள். மகள் அவளை விட்டு இறங்கவில்லை. நான் வேலையால் வரும்போது சோறு ஆக்கி, உடுப்புத் தோய்த்து, பிள்ளைக்குத் தலைவாரி இருக்கும். கலியாணம் கட்டிய பிறகு முதல்முறையாக நான் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

மூன்று மாதம் முடியும்போது அக்கா கேட்டாள்:

"பிளேன் டிக்கெற் எப்பயடி போட்டிருக்கு?"

"பிள்ளை நேர்சரிக்குப் போகுமட்டும் நில்லுங்கோ அக்கா. இஞ்சை விசா முடிஞ்சு கனபேர் நிக்கினம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"என்ர குளிசை முடியப்போகுது."

"அதை நான் பாக்கிறன்."

அவள் போக விரும்பினாள் என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. மறுமுறை கேட்கவில்லை என்பதால் விளங்காதவள் போல இருந்துவிட்டேன்.

குளிசை விடயம் நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. மருந்துக் கடையில் வைத்தியரின் துண்டு கேட்டார்கள். எங்களுக்கு இங்கே பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி இருக்கிறது, வதிவிடம் இருக்கிறது, அதனால் சுகாதார அட்டையும் குடும்ப வைத்தியரும் உண்டு. அக்காவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்து யாராவது வரும்போது சொல்லி அனுப்பினோம். சில வேளை வந்தது, சில வேளை வரவில்லை. ஒருநாள் காலை அக்கா குசினி மேசையில் மரக்கறிக் கத்தியால் குளிசையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

என்னோடு படிக்கட்டுத் துடைத்த ஒரு மொறீசியஸ் பெண் இருந்தாள். குடும்பப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர், நெற்றியில் குங்குமம், ஆனால் தமிழ் ஒரு சொல் வராது. நாங்கள் இத்தாலிய மொழியில்தான் கதைப்போம். அக்காவின் குளிசையைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விசா முடிந்துவிட்டதா?"

"ஓம், இரண்டு மாதம்."

"அப்படியென்றால் எஸ்.ரி.பி. எண் எடுத்துக் கொடு. என் மச்சானுக்கும் அப்படித்தான் எடுத்தோம். பெர்மெசோ இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாளில் எண் எழுதித் தருவார்கள். ஆறு மாதத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வைத்தியர் பார்ப்பார், மருந்தும் எழுதுவார். பொலிசுக்குச் சொல்ல மாட்டார்கள். சட்டமே அப்படி."

"விசாவோடு வந்தவர்களுக்குப் பெரிய பில் வரும் என்று சொல்கிறார்களே?"

"அது விசா இருக்கும்போது. சுற்றுலாக்காரர் காசு கட்டவேண்டும், இல்லையென்றால் காப்புறுதி கட்டும். விசா முடிந்து வழியில்லாமல் நிற்பவருக்கு இது வேறு வழி."

எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. முறையாக வந்தவள் காசு கட்ட வேண்டும், முறை தவறி நிற்பவளுக்கு வைத்தியம் கிடைக்குமாம். எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது: யாரோ ஒருவருடைய தகப்பன் விசாவில் வந்து நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரிக்குப் போக, வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்ததாம். அந்தக் கதையை நான் நம்பினேன். மொறீசியஸ்காரி சொன்னதையும் நம்பினேன். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று அவள் சொன்ன அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. இதை நான் எழுதி வைக்க வேண்டும். எனக்குப் புரிந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். எங்கள் நீண்டகாலப் பெர்மெசோவுக்கான விண்ணப்பம் அப்போது கெஸ்தூராவில், குடிவரவைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகத்தில், இருந்தது.

"விலாசம் கேப்பாங்கள்," என்றார் அவர். "இந்த வீட்டிலை விசா இல்லாத ஆள் நிக்குது எண்டு எழுத்திலை போகும். எங்கட ஃபைல் அங்கை கிடக்கேக்கை இது தேவையோ?"

"பொலிசுக்குச் சொல்லமாட்டினமாம்."

"அந்த மனிசி சொன்னால் சரியோ? எங்கடை முதல் வரட்டும். பிறகு பாப்பம்."

நான் சரி என்றேன். அவர் மேல் பழி போட்டு எழுத எனக்கு ஆசைதான். அவர் 'போ' என்று சொல்லியிருந்தாலும் நான் வேறொரு காரணம் தேடியிருப்பேன். அந்தப் பெர்மெசோவுக்காக நான் எட்டு வருடம் படிக்கட்டுத் துடைத்திருந்தேன்.

அக்காவிடம் இதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

குளிர்காலம் வந்தது. அக்கா செருப்போடு சந்தைக்குப் போய்வருவதைப் பார்க்கச் சகிக்காமல் என்னுடைய பழைய நீளச் சப்பாத்தைக் கொடுத்தேன். அவளுக்கு அரை அளவு சிறிது.

"இறுக்கமோ?"

"இல்லை, சரியாத்தான் இருக்கு."

அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். அதைவிட, சீனி வருத்தம் முற்றினால் காலில் உணர்வு குறையும் என்பது எனக்குத் தெரியாது. மழையில் நனைந்த சப்பாத்தோடு கிழமைக் கணக்கில் நடந்திருக்கிறாள். இடது காலின் சின்னவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, பக்கத்து விரலுக்கும் பரவியது. நான் மருந்துக் கடையில் ஒரு களிம்பும் கட்டுத்துணியும் வாங்கி வந்து கட்டினேன். "நோகுதா அக்கா?" என்று கேட்பேன். "நோகேல்லை," என்பாள். நோகாதது நல்லது என்று நினைத்தேன். மூன்று கிழமை அப்படியே போனது. விரல் கறுத்தது. கட்டை அவிழ்க்கும்போது வந்த மணத்தை மறைக்க அவள் முதலே சாம்பிராணி கொளுத்தி வைத்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவள் கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தாள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, பல் கிடுகிடுத்தது. நான் யோசித்த நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். மொறீசியஸ்காரி சொன்ன தாள் நினைவுக்கு வந்தது. கெஸ்தூராவில் கிடக்கும் எங்கள் ஃபைலும் நினைவுக்கு வந்தது. கைப்பையைத் திறந்து என் சுகாதார அட்டையை எடுத்தேன். அதில் படம் கிடையாது. பெயரும் எண்ணும் பிறந்த திகதியும் மட்டுமே.

டாக்சியில் அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"என்ர பேரைக் கூப்பிட்டால் 'சி' எண்டு சொல்லுங்கோ. வேறை என்ன கேட்டாலும் என்னைப் பாருங்கோ. என்னை அக்கா எண்டு கூப்பிடுங்கோ."

"உன்னையோ?"

"ஓம். அங்கை நான்தான் மூத்தவள்."

காய்ச்சலில் கண் சிவந்திருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக, "சரி அக்கா," என்றாள்.

அவசரப் பிரிவில் அட்டையை நீட்டினேன். பதிவு செய்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர்களுக்கு ஒரே முகம் என்று நாங்கள் எப்போதும் குறைப்படுவோம். அன்று அதுதான் எனக்கு உதவியது. காலைப் பார்த்தவுடன் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள்.

"இஞ்சை ஆஸ்பத்திரிக்கும் டிக்கெற் எடுக்கவேணுமோ?" என்று அக்கா போகும்போது கேட்டாள். யாரோ அந்தச் சொல்லைச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. வைத்தியத்துக்கு நோயாளி கட்டும் பங்குப் பணத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பஸ் டிக்கெற் போல ஏதோ என்று நினைத்து, எனக்குச் செலவு என்று பயந்திருக்கிறாள்.

அந்த மூன்று நாளும் அவள் நான் சொன்னபடியே நடந்தாள். வார்டில் தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. நாங்கள் என்ன கதைத்தாலும் யாருக்கும் விளங்கப்போவதில்லை. ஆனாலும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். "அக்கா, தண்ணி தாங்கோ." "அக்கா, பிள்ளை சாப்பிட்டதோ?" மற்ற நேரம் என்னை 'எடி' என்று கூப்பிடுபவள், 'தாங்கோ' என்று மரியாதையும் சேர்த்துச் சொன்னாள். இரண்டாம் நாள், "இப்ப ஒருத்தரும் இல்லை, விடுங்கோ," என்றேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "பிறகு வாய் தவறிப்போகும்," என்றாள்.

மூன்றாம் நாள் வைத்தியர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும் பெண். கையில் இரண்டு தாள்கள்.

"இந்த நோயாளிக்கு நான்கு வருடத்துக்கு முன் இதே கட்டடத்தில் பித்தப்பையை எடுத்திருக்கிறோம். பழைய பதிவு சொல்கிறது."

அது என் வயிறு. என் தழும்பு.

"இன்று காலை ஸ்கேனில் பித்தப்பை இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான பித்தப்பை. திரும்ப முளைத்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை."

அவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. நான் அழ ஆரம்பித்தேன். முழங்கை பிடித்து யன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"உள்ளே இருப்பது யார்?"

"என் அக்கா."

"நீங்கள் செய்தது என்னவென்று தெரியுமா? நாளைக்கு நீங்கள் மயங்கி இங்கே வந்தால், சீனி வருத்தக்காரி என்று பதிவைப் பார்த்து உங்களுக்கு மருந்து ஏற்றுவார்கள். உங்களுக்கு ஒத்துவராது என்று பதிவில் உள்ள மருந்தை, அவருக்கு அது வேண்டியதாக இருந்தாலும், தராமல் விடுவார்கள். ஒரு பெயரில் இரண்டு உடம்பு இருக்க முடியாது." கையிலிருந்த தாள்களை மடித்தார். "விசா எப்போது முடிந்தது?"

"ஐந்து மாதத்துக்கு முன்."

"அப்படியென்றால் ஐந்து மாதமாக அவருக்கு இங்கே வைத்தியம் பெற உரிமை இருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது, ஒரு எண் தருவார்கள். நாங்கள் யாரையும் பொலிசுக்குச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது, டொக்டர்," என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "தெரியாததற்கு உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள்தான் ஒழுங்காகச் சொல்வதில்லை," என்றார்.

அட்டையைக் கொடுத்ததைவிட, பெர்மெசோவுக்குப் பயந்ததைவிட, 'தெரியாது' என்ற இந்த ஒரு சொல்தான் இன்றும் என்னைக் குடைகிறது. நான் ஒரு நல்ல மனிசியின் இரக்கத்தைப் பொய் சொல்லி வாங்கினேன். அந்த இரக்கம் தெரியாதவர்களுக்கானது.

கீழ்த்தள அறையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே இருந்தவர் அக்காவின் கடவுச்சீட்டைப் பார்த்தார், பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார், வருமானம் இல்லை என்ற படிவத்தைத் தந்தார். மேலே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். அக்கா தமிழில் கையெழுத்து வைத்தாள். நான் தனியாக இன்னொரு தாளில், வேறொருவருக்கு என் அட்டையைக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப்பற்றிக் கடிதம் வரும் என்று பல மாதம் தபால்பெட்டியைத் திறக்கப் பயந்தேன். ஒன்றும் வரவில்லை. யார் அதை எந்த மேசை லாச்சியில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் அக்காவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்று கிழமைக்கு முதல் கொண்டுவந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும் என்று சத்திர சிகிச்சை செய்தவர் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னவாம்?" என்றாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்," என்று மொழிபெயர்த்தேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள்விட்டு ஒருநாள் நான்தான் மருந்து கட்டினேன். குளிசையும் ஊசியும் இப்போது அவள் பெயரில் எழுதிய துண்டுக்கு ஒழுங்காகக் கிடைத்தன. ஒரு பின்னேரம், மகள் நித்திரை, காலை மடியில் வைத்துக் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த எண் எடுக்கலாமெண்டு எனக்கு முதலே தெரியும். பயத்திலை எடுக்கேல்லை."

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"பிள்ளையைக் கொண்டுபோற பூங்காவிலை மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு வாறவள். அவளும் விசா இல்லாமல்தான் நிண்டவள். அவள் சொன்னவள். தன்ரை தாளைக்கூடக் காட்டினவள்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அவள் புதுக் கட்டுத்துணியை எடுத்து என் கையில் தந்தாள். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"நீ சொல்லாத விசயத்தை நான் எப்பிடியடி கேக்கிறது? நான் உங்கட வீட்டிலை நிக்கிற ஆள்."

என்னை வளர்த்தவள், என் வீட்டில் தன்னை 'நிக்கிற ஆள்' என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். குளிசையை வெட்டியதும், இறுக்கமான சப்பாத்தைச் சரி என்றதும், எல்லாம் அந்தக் கணக்கில்தான். அவளை அப்படி எண்ணவைத்தது நான் சொன்ன எந்தச் சொல்லும் இல்லை. சொல்லாமல் விட்டவைதான்.

வசந்தத்தில் எங்கள் பெர்மெசோ வந்தது. கணவர் இனிப்பு வாங்கிவந்தார். எங்கள் ஃபைலில் அக்காவைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. அவர் ஒரு துண்டு இனிப்பை எடுத்து அக்காவிடம் நீட்டப் போய், சீனி என்று நினைவுவந்து கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவளுக்கு முன்னால் தலைகுனிந்து, "எங்களாலைதான் மச்சாள்," என்றார். அவர் அப்படி யாரிடமும் கதைத்து நான் கண்டதில்லை.

"நான் போறன்," என்றாள் அக்கா. இந்த முறை டிக்கெற் எப்போது என்று கேட்கவில்லை. தன்னிடம் இருந்த காப்பொன்றை விற்கச் சொல்லித் தந்தாள். நாங்கள் அதை வாங்கவில்லை. அடுத்த கிழமையே டிக்கெற் போட்டோம். விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி நாள்களை எண்ணினார். நாள் கடந்து தங்கியதாகத் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அக்கா மெல்லக் கால் சரித்து நடந்து உள்ளே போனாள்.

அவள் இப்போது கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறாள். சீனி கட்டுக்குள் இருக்கிறது என்கிறாள். நான் பணம் அனுப்புகிறேன். அவள் வேண்டாம் என்பதில்லை, கேட்பதுமில்லை.

அக்கா பூங்காவில் சந்தித்த அந்த மட்டக்களப்புப் பெண்ணை, மகள் அடையாளம் காட்ட, பிறகு ஒருமுறை சந்தையில் கண்டேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால், எந்தத் தளம், எந்தப் பக்கம் கதவு, என்ன கொண்டுபோக வேண்டும், விசா இருந்தால் எப்படி, முடிந்தால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சிலரோடு கூடப் போகவும் செய்திருக்கிறேன். 'நல்ல மனசு' என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்குத் திரும்ப விசாவுக்குப் போட்டோம். இம்முறை காப்புறுதிப் படிவத்தில் எல்லாம் உள்ளபடி எழுதினேன். விசாவை மறுத்துவிட்டார்கள். முன்பு நாள் கடந்து தங்கியவர் என்பது காரணம்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கைப்பில் பெரியம்மாவோடு தமிழும் இத்தாலியனும் கலந்து கதைப்பாள். அக்காவுக்கு அதில் பாதிதான் விளங்கும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். போன ஞாயிறு திரையை மூடியபின் மகள், 'ஏன்' என்பதை மட்டும் இத்தாலியனில் சொல்லி, என்னிடம் கேட்டாள்:

"அம்மா, பெரியம்மா பெர்கே இஞ்சை வாறேல்லை?"

"விசா குடுக்கேல்லை, பிள்ளை."

"ஏன் குடுக்கேல்லை? அவ என்ன செய்தவ?"

"அவ ஒண்டும் செய்யேல்லை," என்றேன். அவள் மேலும் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் விளையாடப் போய்விட்டாள்.